சாலைச் சந்திப்பைப் பாதுகாப்பாகக் கடப்பது எப்படி? புதிய ஓட்டுநர்களுக்கான வழிகாட்டி

உரிமம் வாங்கிய புதிதில் நேர்ச்சாலையில் ஓட்டுவது சீக்கிரமே கைக்கு வந்துவிடுகிறது. சந்திப்புகள் அப்படி எளிதில் பிடிபடுவதில்லை. வேகத்தைக் குறைப்பது, கியரை மாற்றுவது, இருபுறமும் பார்ப்பது, பிறர் என்ன செய்யப் போகிறார்கள் என்று கணிப்பது, ஸ்டீயரிங்கைத் திருப்புவது ஆகிய வேலைகள் எல்லாம் சில நொடிகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவதே அதற்குக் காரணம். அவற்றை ஒரே நேரத்தில் செய்யப் பழகுவதைவிட, வரிசைப்படுத்தி ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைத் தொடங்குவது நல்லது. அதற்குத் தேவையான நேரம், சந்திப்புக்கு வெளியிலேயே வேகத்தைக் குறைத்து முடித்தவருக்குத்தான் கிடைக்கிறது. வண்டியின் நிலைத்தன்மையும் ஓட்டுநரின் பார்வையும் இரண்டு தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்பட்டாலும், சந்திப்பில் இரண்டுமே அந்த ஒரு செயலைச் சார்ந்துதான் இருக்கின்றன.

உலகில் சில நாடுகளில் சாலையின் இடப்பக்கமும் மற்ற நாடுகளில் வலப்பக்கமும் ஓட்டுகிறார்கள். ஆகவே இங்கே இடது, வலது என்று சொல்வதைத் தவிர்த்து, நீங்கள் ஓட்டும் ஓரத்தை ஒட்டியே திரும்புவதை ஒட்டுத் திருப்பம் என்றும், எதிரே வரும் தடத்தைக் குறுக்காகக் கடந்து திரும்புவதைக் குறுக்குத் திருப்பம் என்றும் குறிப்பிடுகிறேன்.

முதல் படி: புறப்படுவதற்கு முன்பே பார்வையைச் சரிசெய்வது

இருக்கையின் உயரத்தைப் பெரும்பாலோர் வசதிக்காக மட்டுமே அமைக்கிறார்கள். கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நிறுத்தியிருக்கும் கார்களுக்கு மேலாகவும் செடிகொடிகளுக்கு மேலாகவும் குறுக்குச் சாலை தெரிகிறது. தலை கூரையில் முட்டாத அளவுக்கு, ஸ்டீயரிங்கும் பெடல்களும் எட்டும் தூரத்தில், இருக்கையைச் சற்று உயர்த்தியே வைத்துக்கொள்ளலாம். பக்கக் கண்ணாடிகளில் உங்கள் வண்டியின் உடல் ஒரு கீற்றளவு தெரிந்தால் போதும். முழுப் பக்கவாட்டும் தெரியும்படி வைத்தால், பக்கத்துத் தடத்தில் வருபவரைக் காட்ட வேண்டிய கண்ணாடி உங்கள் கதவையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாடிகள் பல வண்டிகளில் குவிந்த பரப்புடையவை. பின்னால் வருபவரை உண்மையைவிடச் சிறியவராகவும் தொலைவில் இருப்பவராகவும் காட்டுபவை. எனவே திரும்பும் முன் தலையைத் திருப்பி ஒருமுறை நேராகப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

முன் கண்ணாடியின் உட்புறத்தையும் துடையுங்கள். வெளிப்புற அழுக்கு பகலிலேயே கண்ணுக்குத் தெரியும். உட்புறப் படலமோ எதிர்வெயிலும் எதிர் ஹெட்லைட்டும் படும் நேரத்தில்தான், அதாவது உங்களுக்குப் பார்வை அதிகம் தேவைப்படும் அதே கணத்தில்தான், வெண்மையாக விரிந்து மறைக்கும். பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கும் அலங்காரப் பொருள்களும், கண்ணாடி நடுவில் ஒட்டப்பட்ட செல்பேசித் தாங்கியும் ஒரு நடைபாதசாரியை முழுதாக மறைக்கப் போதுமானவை. இவற்றை அழகுக்காக விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

டயரின் காற்றழுத்தத்தையும் சுமையின் இடத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கனமான பொருள் கீழேயும் நடுவிலும் இருக்கட்டும். கூரைமேல் ஏற்றப்படும் ஒவ்வொரு மூட்டையும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. அதன் விளைவை நீங்கள் உணரப்போவது நேர்ச்சாலையில் இல்லை, முதல் திருப்பத்தில்தான்.

இரண்டாம் படி: தொலைவிலேயே சந்திப்பைப் படிப்பது

சந்திப்பு என்பது நிறுத்தக் கோட்டில் தொடங்குவதில்லை. பலகை கண்ணில் பட்ட இடத்திலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான நாடுகளில் ‘நில்’ என்னும் பலகை எண்கோணமாகவும், ‘வழிவிடு’ என்னும் பலகை தலைகீழ் முக்கோணமாகவும் இருக்கும். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைக் குறியீட்டு ஒப்பந்தமும் இந்த வடிவங்களை வகுத்திருக்கிறது. இவ்வளவு தனித்த வடிவமாக இருப்பதால், பலகையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தே குறுக்குச் சாலையில் வருபவர் நிற்க வேண்டியவரா, வழிவிட வேண்டியவரா என்று உங்களால் அறிய முடியும். அவர் உண்மையில் நிற்பார் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது என்பது வேறு விஷயம்.

பலகை இல்லாத சந்திப்புகளும் ஏராளம். சுவர்களுக்கு இடையே திடீரெனத் தெரியும் இடைவெளி, வரிசையாக வரும் மின்கம்பங்கள் ஓரிடத்தில் விலகிச் செல்வது, முன்னே செல்லும் வண்டியின் பிரேக் விளக்கு காரணமின்றி எரிவது, சாலையோரத்தில் மணலும் சரளையும் விசிறியடித்தாற்போல் பரவிக் கிடப்பது ஆகியவை எல்லாம் பக்கச் சாலை ஒன்று வந்து சேர்வதைச் சொல்லும் அடையாளங்கள். அந்த மணலைக் கண்டதும் இருசக்கர வாகன ஓட்டிகள் இரண்டு செய்திகளைப் படித்துக்கொள்ள வேண்டும்: இங்கே ஒரு வழி இணைகிறது, இங்கே டயருக்குப் பிடிப்புக் குறைவு.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய வரிசை எளிமையானது. முதலில் பின்பார்வைக் கண்ணாடி, அடுத்து இண்டிகேட்டர், அதன் பிறகு தடத்துக்குள் சரியான இடம், கடைசியாக பிரேக். இண்டிகேட்டருக்கு முன்பே பிரேக்கை மிதித்தால், நீங்கள் ஏன் மெதுவாகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. அவர் உங்களைத் தாண்டிச் செல்ல முயல்கிற அதே பக்கம் நீங்கள் திரும்ப நேரிடலாம். அதேபோல் திரும்ப வேண்டிய சாலைக்கு முன்னால் இன்னொரு பக்கச் சாலை இருந்தால், அதைக் கடந்த பிறகே இண்டிகேட்டரைப் போடுங்கள்.

மூன்றாம் படி: வேகத்தை வெளியிலேயே குறைத்து முடிப்பது

இந்தப் படியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் இதில் தவறினால் பின்னால் வரும் எந்தப் படியும் உதவாது.

மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுவர விழிப்பான ஓட்டுநருக்கும் ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 36 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி 15 மீட்டர் சென்றுவிடும்; உலர்ந்த சாலையில் நன்றாக பிரேக் பிடித்தாலும் மேலும் 7 மீட்டர் தேவை. அதே ஓட்டுநர் 72 கிலோமீட்டரில் வந்தால் முதல் பகுதி 30 மீட்டர் ஆகிறது, இரண்டாம் பகுதியோ 28 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வேகம் இரட்டித்தால் எதிர்வினைத் தூரம் இரட்டிக்கிறது, பிரேக் தூரமோ நான்கு மடங்காகிறது. ஈரச் சாலையில் அந்த 28 மீட்டர் 50 மீட்டரைத் தொடுவது வியப்பில்லை.

திருப்பத்திலும் இதே நான்கு மடங்குக் கணக்குதான். 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு சாதாரணத் தெருமுனைத் திருப்பத்தை 18 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால், வண்டியைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும் விசை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். அதே திருப்பத்தை 36 கிலோமீட்டரில் எடுத்தால் அது எடையில் ஐந்தில் நான்கு பங்கையும் மிஞ்சிவிடுகிறது. நல்ல டயரும் உலர்ந்த தாரும் தரக்கூடிய பிடிப்பின் எல்லை ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. மழை பெய்திருந்தால் அந்த எல்லையை வண்டி எப்போதோ தாண்டியிருக்கும்.

டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் போல நினைத்துக்கொள்ளலாம். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் சேர்த்து ஒரே தொகைதான் கையில் இருக்கிறது. திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்துபவர், ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கும் தொகையிலிருந்தே இன்னொரு செலவைச் செய்கிறார். காரில் அது முன்சக்கரங்கள் நேராக வழுக்கிக்கொண்டு போவதாகவோ பின்பக்கம் வெளியே வீசுவதாகவோ முடியும். இருசக்கர வாகனத்தில் வண்டியே கீழே படுத்துவிடும். ஆகவே வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்து, ஏற்ற கியருக்கு மாற்றி, கிளட்சை முழுமையாக விட்ட பிறகு திரும்பத் தொடங்குங்கள். கிளட்சை மிதித்தபடியே வண்டியை உருள விட்டுத் திரும்பும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்போது எஞ்சின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதும் இல்லை, தேவைப்பட்டால் உடனே இழுத்துச் செல்வதும் இல்லை.

எல்லா வண்டிகளும் ஒரே விதமாகத் தடுமாறுவதில்லை என்பதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, தரையிலிருந்து ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், வண்டியைச் சாய்க்க அதன் எடையில் எத்தனை பங்கு பக்கவாட்டு விசை வேண்டும் என்பதைக் காட்டும். ஒன்றரை மீட்டர் அகலமும் 55 சென்டிமீட்டர் ஈர்ப்பு மைய உயரமும் கொண்ட காருக்கு அது ஒன்றேகாலுக்கு மேல் வரும். அதன் டயர் பிடிப்பு அதற்கு முன்பே தீர்ந்துவிடுவதால் அது சாய்வதற்கு முன் வழுக்கும். வழுக்கிய சக்கரம் சாலையோரக் கல்விளிம்பில் முட்டினால் மட்டும் காரும் உருளக்கூடும். உயரமாகச் சுமை ஏற்றிய லாரியின் கதையே வேறு. அதன் ஈர்ப்பு மையம் 2 மீட்டரைத் தொடும்போது, எடையில் பத்தில் நான்கு பங்கு பக்கவாட்டு விசையே அதைச் சாய்க்கப் போதும். முன்பு சொன்ன 12 மீட்டர்த் திருப்பத்தில் அந்த விசை 25 கிலோமீட்டர் வேகத்திலேயே வந்துவிடுகிறது. டயர் கிறீச்சிட்டு எச்சரிக்கும் நேரம் லாரி ஓட்டுநருக்குக் கிடைப்பதில்லை. பாதி நிரம்பிய திரவத் தொட்டியில் திரவம் ஒரு பக்கமாகத் திரண்டு மோதுவதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள மூன்று சக்கர வாகனத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது சாயும் கோடு முன்சக்கரத்திலிருந்து வெளிப்புறப் பின்சக்கரத்துக்குச் சாய்வாகச் செல்கிறது. திரும்பும்போது பிரேக் பிடித்தால் எடை முன்னோக்கி, அதாவது அடித்தளம் குறுகலாக இருக்கும் பகுதியை நோக்கி நகர்கிறது; நேராக ஓடும்போது பாதுகாப்பாகத் தெரிந்த அதே பிரேக், திருப்பத்தில் வண்டியைக் கவிழ்க்கும் காரணமாகிவிடுகிறது.

மின்னணு உதவிகளைப் பற்றியும் ஒரு சொல். 1978-இல் கார்களில் வந்த ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து, பிரேக் பிடித்தபடியே திசை திருப்பும் வாய்ப்பைத் தருகிறது. 1995-இல் வந்த மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, வண்டி ஸ்டீயரிங் காட்டும் திசையை விட்டு விலகுவதைக் கண்டதும் தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நேராக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். இரண்டும் அருமையான கருவிகள்தான். ஆனால் இருக்கும் பிடிப்பைச் சரியாகப் பங்கிடுவது மட்டுமே அவற்றின் வேலை, இல்லாத பிடிப்பை அவற்றால் உண்டாக்க முடியாது.

நான்காம் படி: நின்று பார்ப்பது, நகர்ந்து பார்ப்பது

வேகம் குறைந்துவிட்டது. இப்போது கண்ணுக்கு வேலை.

நம் கண் நுணுக்கமாகப் பார்ப்பது, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம் அளவேயுள்ள ஒரு சிறு வட்டத்தைத்தான்; மற்றதெல்லாம் மங்கலான சுற்றுப்பார்வை. பார்வையை ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு வேகமாக ஓட்டும்போது, கண் தாவிக்கொண்டிருக்கும் கணங்களில் மூளை காட்சியைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறது. தலையைச் சட்டென்று இருபுறமும் ஆட்டிவிட்டு ‘பார்த்தேன், யாரும் இல்லை’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த இடங்களுக்கு நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் தொலைந்துபோயிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் தூரம், நடு, அருகில் என மூன்று இடங்களில் பார்வையை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். பிறகு மீண்டும் ஒருமுறை, இந்த முறை மெல்லிய உருவங்களை மட்டும் தேடும் நோக்கத்துடன் பாருங்கள். சிறிய உருவம் வேகம் குறைந்ததாகவும் தொலைவில் இருப்பதாகவும் தோன்றும் என்பதால், கண்ணில் பட்ட மோட்டார் சைக்கிள் நீங்கள் நினைப்பதற்கு முன்பே வந்து சேரும்.

முன் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் கூரையைத் தாங்கி நிற்கும் தூண்கள் இதைவிட வஞ்சகமானவை. ஐ.நா.வின் 125-ஆம் எண் வாகன விதிமுறை, அத்தகைய ஒவ்வொரு தூணும் ஓட்டுநரின் பார்வையில் மறைக்கும் கோணம் 6 டிகிரிக்கு மேற்படக் கூடாது என்கிறது. 6 டிகிரி என்பது சிறிதாகத் தோன்றும். 20 மீட்டர் தொலைவில் அது 2 மீட்டர் அகலம், அதாவது ஒரு சைக்கிளும் அதன் ஓட்டுநரும் முழுதாக ஒளிந்துகொள்ளும் இடம். 40 மீட்டரில் ஒரு சிறிய காரே ஒளிந்துகொள்ளலாம்.

உருவம் தூணுக்குப் பின்னாலிருந்து தானாகவே வெளியே வந்துவிடாதா என்று கேட்கலாம். இருவரும் மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தால், ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்கும் திசை மாறுவதே இல்லை. மோதப் போகும் வண்டிதான் தூணுக்குப் பின்னால் விடாமல் ஒளிந்திருக்கும். மோதாமல் விலகிச் செல்லப் போகும் வண்டி எப்படியும் வெளிப்பட்டுவிடும். வெட்டவெளியில், எல்லாப் பக்கமும் தெளிவாகத் தெரியும் நாற்சந்திகளிலும் விபத்து நடப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இதற்கான மருந்து இரண்டு. உடலை இருக்கையில் முன்னும் பின்னும் ஓரங்குலம் அசைத்து, தூணைச் சுற்றிப் பார்ப்பது ஒன்று. அணுகும்போது வேகத்தைச் சற்றே மாற்றுவது மற்றொன்று. வேகம் மாறிய உடனே அந்தத் திசைப் பொருத்தம் உடைந்து, ஒளிந்திருந்தவர் வெளியே வருவார்.

நிறுத்தக் கோட்டில் நின்றால் குறுக்குச் சாலை தெரியாத சந்திப்புகள் பல உண்டு. அங்கே முதலில் கோட்டிலேயே முழுமையாக நில்லுங்கள், ஏனெனில் அது நடந்து கடப்பவர்களுக்காகப் போடப்பட்ட கோடு. பிறகு வண்டியின் மூக்கை நடைவேகத்தைவிடவும் மெதுவாக நகர்த்தி, நின்று, பார்த்து, மீண்டும் நகர்த்துங்கள். உங்கள் கண்ணுக்கு முன்னால் வண்டியின் முன்பகுதி நீண்டிருக்கிறது என்பதால், உங்களுக்குச் சாலை தெரியும் முன்பே பிறருக்கு உங்கள் பம்பர் தெரிந்துவிடும். அவர்கள் விலக நேரம் தருவதற்காகவே அந்த மெதுநகர்வு. ஹாரனை அடித்துவிட்டு நுழைவதை நான் எச்சரிக்கையாகக் கருதுவதில்லை, அது பார்க்கும் பொறுப்பைப் பிறர் தலையில் கட்டுவது.

ஐந்தாம் படி: இடைவெளியை நொடியில் அளப்பது

‘அந்த லாரி தூரத்தில்தானே வருகிறது’ என்று தொலைவைக் கொண்டு முடிவெடுப்பது புதியவர்களின் இயல்பு. தொலைவு ஏமாற்றும், நொடி ஏமாற்றாது. அமெரிக்க மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் கூட்டமைப்பான ஆஷ்டோவின் வடிவமைப்பு வழிகாட்டியில், சிறு சாலையில் நின்று கிளம்பும் கார் ஒன்று இருவழிப் பெருஞ்சாலையில் குறுக்குத் திருப்பம் எடுக்க 7.5 நொடி இடைவெளியும், ஒட்டுத் திருப்பம் எடுக்கவோ நேராகக் கடக்கவோ 6.5 நொடி இடைவெளியும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. சாதாரண லாரிக்கு குறுக்குத் திருப்பத்தில் அது 9.5 நொடி, பின்னால் தனி இழுவைப் பெட்டி இணைத்த லாரிக்கு 11.5 நொடி. பெருஞ்சாலையில் 72 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் வந்தால், உங்கள் 7.5 நொடி என்பது 150 மீட்டர் வெற்றுச் சாலை. வளைவோ மேடோ அவ்வளவு தூரத்தைக் காட்டாத இடத்தில் குறுக்குத் திருப்பம் எடுக்காமல், ஒட்டித் திரும்பி, பாதுகாப்பான வேறோரிடத்தில் திரும்பி வருவதே அறிவு.

அளக்கும் முறையை நின்றபடியே பழகலாம். குறுக்குச் சாலையில் தொலைவில் ஒரு கம்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி அதைக் கடந்ததிலிருந்து உங்கள் முன்னால் வரும்வரை நொடிகளை எண்ணுங்கள். எட்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கம்பம் போதாது, இன்னும் தள்ளி ஒன்றைத் தேடுங்கள். பொருத்தமான கம்பம் கிடைத்ததும், அதற்கு அப்பால்தான் அடுத்த வண்டி இருக்கிறது என்றால் கிளம்பலாம். கிளம்ப முடிவு செய்த பிறகு தயங்கி நடுவில் நிற்கக் கூடாது. தயக்கம் முழுவதும் கோட்டுக்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

எதிர்த்தடத்தில் நிற்கும் ஒருவர் இரக்கப்பட்டுக் கைகாட்டி உங்களைப் போகச் சொல்வதுண்டு. அவருடைய வண்டி, அவருக்கு அடுத்த தடத்தில் வருபவரை உங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவரும் யோசித்திருக்க மாட்டார். நன்றி சொல்லிவிட்டு, அவர் வண்டியின் முன்முனையில் மீண்டும் ஒருமுறை நின்று பார்த்த பிறகே கடக்கவும். பிறர் இண்டிகேட்டரையும் முழுமையாக நம்ப வேண்டாம். அணைக்க மறந்த இண்டிகேட்டர்கள் சாலையில் நிறைய உண்டு; வண்டியின் முன்சக்கரம் உண்மையிலேயே திரும்பத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: குறுக்குத் திருப்பத்தில் காத்திருப்பது

சந்திப்பின் நடுவில் எதிர்வண்டிகள் தீரக் காத்திருக்கும்போது, பலர் திரும்ப ஆயத்தமாக ஸ்டீயரிங்கை முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். பின்னாலிருந்து யாராவது மோதினால், திரும்பியிருக்கும் சக்கரங்கள் உங்களை நேராக எதிர்த்தடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும். கிளம்பும்வரை சக்கரங்களை நேராகவே வைத்திருங்கள். எதிர்ப்பக்கம் உங்களைப் போலவே திரும்பக் காத்திருக்கும் பெரிய வண்டி இருந்தால், அதன் முதுகுக்குப் பின்னால் நேராக வரும் ஒரு வண்டி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று கண்ணால் உறுதி செய்த பிறகே நகருங்கள். திரும்பி நுழையப் போகும் சாலையில் நடந்து கடப்பவர்களையும் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். எதிர்வண்டிகளிலேயே கண் பதிந்திருப்பவர் பாதித் திருப்பத்தில்தான் அவர்களைக் காண்கிறார், அப்போது நிற்கவும் இடமில்லை.

பெரிய வாகனங்கள் அருகில் இருக்கும்போது

லாரியோ பேருந்தோ திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற பாதையில் செல்வதில்லை, உட்புறமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. இரு அச்சுகளுக்கும் இடையே 6 மீட்டர் உள்ள வண்டியின் முன் அச்சு 10 மீட்டர் ஆர வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், பின் அச்சு 8 மீட்டர் ஆர வட்டத்தில் சுற்றும். தெருமுனைத் திருப்பத்தில் இந்த 2 மீட்டர் சற்றுக் குறையலாம். ஆனாலும் சாலையோரத்துக்கும் லாரிக்கும் இடையில் சைக்கிளோ ஸ்கூட்டரோ நிற்கத் தோன்றும் இடம் அதுவேதான். நல்ல லாரி ஓட்டுநர் இதைச் சமாளிக்க முதலில் எதிர்ப்புறமாக விலகிவிட்டுத் திரும்புவார். அந்த விலகலைப் பார்த்து ‘வழி கிடைத்தது’ என்று உள்ளே நுழைபவர் பின்சக்கரத்தின் பாதையில் மாட்டிக்கொள்கிறார். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். உயரமான லாரிக்கு மிக நெருக்கமாக அதன் மூக்குக்கு முன்னால் நிற்பதும் அதே அளவு ஆபத்து. அதன் பக்கவாட்டில் நிற்க நேர்ந்தால் முன்னேறி ஓட்டுநரின் கண்ணில் படும்படி நில்லுங்கள், முடியாவிட்டால் பின்தங்கி நில்லுங்கள்.

சிக்னலும் ரவுண்டானாவும்

மஞ்சள் விளக்கின் நேரம் ஏதோ ஒரு எண் அல்ல. 54 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் உணர்ந்து, உடல் குலுங்காத அளவுக்கு பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 52 மீட்டர் தேவை. அதே வேகத்தில் 52 மீட்டரைக் கடக்க மூன்றரை நொடி ஆகும். மஞ்சளை மூன்றரை நொடி வைத்தால், 52 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் நிற்க முடியும், இப்பால் இருப்பவர் அதே வேகத்தில் சென்றே சிவப்புக்கு முன் கோட்டை எட்ட முடியும். இருவருமே வேகத்தைக் கூட்ட வேண்டிய தேவை இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. நெடுநேரமாகப் பச்சையாகவே தெரியும் விளக்கு விரைவில் மாறும் என்று எதிர்பார்த்து, கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க அணுகுங்கள். பச்சை விழுந்து நீங்கள் முதல் ஆளாகக் கிளம்பும்போதும், சிவப்பை மீறி வருபவர் யாருமில்லை என்று இருபுறமும் பார்க்க ஒரு நொடி ஒதுக்குங்கள்.

சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32; முச்சந்தியில் 9; ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8 மட்டுமே. அதோடு அங்கே எல்லோரும் வளைந்தே செல்ல வேண்டியிருப்பதால் வேகமும் குறைகிறது. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் உரிமை என்ற விதி 1966-இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்து, பின்னர் உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. நுழையும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது முதன்மையாக ஒரே திசையைத்தான் என்பது புதியவருக்குப் பெரிய வசதி. இருந்தும் அந்த ஒரே திசையைப் பார்த்தபடியே முன்னேறி, தமக்கு முன்னால் தயங்கி நின்றுவிட்ட வண்டியின் மீது மோதுபவர்கள் உண்டு. முன்வண்டி உண்மையிலேயே சென்றுவிட்டதா என்று முன்னே பார்த்த பிறகு காலை பிரேக்கிலிருந்து எடுங்கள்.

மழை, இரவு, தாழ்ந்த சூரியன்

சந்திப்பில்தான் வண்டிகள் நின்று எண்ணெய் சொட்டுகின்றன, சந்திப்பில்தான் சாலையில் பெயிண்ட் கோடுகளும் இரும்பு மூடிகளும் அதிகம். மழையின் தொடக்கத்தில் இவை மூன்றும் சேர்ந்து வழுக்கும். இருசக்கர வாகனத்தில் வருபவர்கள் வண்டி சாய்ந்திருக்கும் நேரத்தில் அவற்றின் மீது ஏறாதபடி பாதையை முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் வண்டியை நிமிர்த்தி, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் தொடாமல் கடக்கவும்.

ஹெட்லைட் வண்டி நோக்கும் திசையைத்தான் காட்டும், நீங்கள் திரும்பப் போகும் திசையைக் காட்டாது. இரவில் தெருமுனையின் உட்புறம் இருட்டாகவே இருப்பதால், பகலில் எடுக்கும் வேகத்திலும் குறைத்தே திரும்புங்கள். எதிரே ஒளிரும் இரண்டு ஹெட்லைட்டுகளுக்கு நடுவே கடந்து செல்பவர் ஒருவர் இருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார். காலை, மாலை வேளைகளில் உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு கிடந்தால் உங்களுக்குப் பார்வை நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் எதிரே வருபவரின் கண்ணில் நேராகச் சூரியன் அடிக்கிறது. அவர் உங்களையும் பார்க்கவில்லை, உங்கள் இண்டிகேட்டரையும் பார்க்கவில்லை என்று எண்ணி ஓட்டுங்கள்.

கடைசிப் படி: சந்திப்பை விட்டு வெளியேறுவது

திரும்பி முடிக்கும் முன்பே ஆக்ஸிலேட்டரை மிதிப்பது, பிடிப்புக் கணக்கில் கடைசி நேரக் கடன். சக்கரங்கள் நேராகும் அளவுக்குத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். பார்வை பானட்டின் மீது இல்லாமல், செல்லப் போகும் தடத்தின் தூரத்தில் இருந்தால் கை தானாகவே அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். பல தடங்கள் உள்ள சாலையில் எந்தத் தடத்திலிருந்து திரும்பினீர்களோ அதற்கு இணையான தடத்திலேயே சேருங்கள். ஸ்டீயரிங் சிறிதளவே திரும்பிய இடங்களில் இண்டிகேட்டர் தானாக அணையாது, இருசக்கர வாகனங்கள் பலவற்றில் அது அணைவதே இல்லை, கையால் அணைத்துவிடுங்கள். பின்பார்வைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, பின்னால் யார் எவ்வளவு நெருக்கமாக வருகிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சாலைக்குரிய வேகத்துக்குச் செல்லலாம்.